சக்கர நாற்காலியில் பெர்க்லி வரை

முதல் நாள்

வந்து சேர்ந்துவிட்டோம். சான் பிரான்சிஸ்கோவில் நள்ளிரவு தாண்டிவிட்டது. தங்கை படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் இதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். சாலை விபத்தில் என் தண்டுவடம் நசுங்கியது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கையால் தள்ளும் சக்கர நாற்காலியில்தான் எல்லா இடத்துக்கும் போய்வருகிறேன். "எப்படி எப்போதும் சிரித்த முகமாக இருக்கிறாய்?" என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. மன உறுதி என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. என் உற்சாகத்தில் பெரும்பகுதி ஏற்பாட்டால் வருவது. இன்னொரு பெரும்பகுதி, எனக்கு முன்னால் யாரோ போராடிப் போட்டுத் தந்த பாதைகளால் வருவது. அந்தப் பாதைகள் சில தொடங்கிய ஊர், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்க்லி. அதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஏற்பாடு என்றேனே, இன்றைய விமானப் பயணமே அதற்கு உதாரணம். நம் நாற்காலி விமானத்துக்குள் வராது. சரக்கோடு சரக்காகக் கீழே போய்விடும். ஒடுக்கமான ஒரு நாற்காலியில் வார் போட்டுக் கட்டி, இருக்கைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போவார்கள். எல்லோருக்கும் முன்னால் ஏற்றி, எல்லோரும் போனபிறகு இறக்குவார்கள். சிறுநீருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பறப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், பயணம் முழுக்கக் காய்ச்சலில் போகும். நான் கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையை முன்பே கேட்டு வாங்கிவிடுவேன், அலாரம் வைத்துக்கொள்வேன். காற்று அடைத்த குஷன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: மேலே போனால் விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும், குஷனில் உள்ள காற்று விரியும். பறக்கும்போது கொஞ்சம் காற்றை விட்டிருந்தால், இறங்கியதும் மறக்காமல் திரும்ப அடைத்துவிட வேண்டும்.

சரக்கிலிருந்து வந்த என் நாற்காலியின் முன்சக்கரம் ஒன்று வளைந்திருந்தது. வயிறு எரிந்தது. ஊழியரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, படமும் எடுத்துக்கொண்டோம். பையில் மாற்றுச் சக்கரமும் ஆலன் கீயும் எப்போதும் இருக்கும். தங்கை நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, நானே மாட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள்

காலையில் தோள் வலி. மெதுவாகக் கிளம்பினோம்.

பவல் தெருவில் கேபிள் கார் திரும்பும் இடத்துக்குப் போனோம். 1873-லிருந்து இந்த ஊரில் ஓடும் வண்டி. தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் கம்பி வடத்தைப் பிடித்துக்கொண்டு மேடேறும். கடைசி நிறுத்தத்தில் மரத்தட்டு ஒன்றில் வண்டியை நிறுத்தி, ஊழியர்கள் கையாலேயே தள்ளித் திருப்புகிறார்கள். சக்கர நாற்காலியோடு அதில் ஏற வழி இல்லை. போவதற்கு முன்பே இது எனக்குத் தெரியும்.

"நீ வராம நான் ஏற மாட்டேன்க்கா."

"போய்ட்டு வா. எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்ல ஆள் வேணும்ல."

அவள் படியில் நின்றபடி கையசைத்துக்கொண்டே மேட்டில் மறைந்தாள். அதற்கப்புறம் எனக்கு மனசு கனத்துப் போனது. தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் வலித்தது. இந்த மாதிரி நேரத்தில் "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பார்" என்பார்கள். நான் அதைச் செய்வதில்லை. இன்னொருவர் வாழ்க்கையை என் மருந்தாக்கிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு, நாளைக்கு என்னைப் பார்த்து வேறு யாரோ அப்படி ஆறுதல் தேடுவார்கள் என்பதையும் அது ஒப்புக்கொள்வதாகிவிடும். ஏறணும்னு ஆசையாக இருந்தது, முடியவில்லை, அது வருத்தம், அவ்வளவுதான். வருத்தத்தை வருத்தமாகவே விட்டால் அது சீக்கிரம் கரைகிறது. சிரித்து மறைத்தால் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. விபத்துக்கு அப்புறம் இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அவள் திரும்பி வந்ததும் மார்க்கெட் தெருவுக்குப் போய், எஃப் லைன் என்ற பழைய டிராமைப் பிடித்தோம். எல்லா நிறுத்தத்திலும் ஏற முடியாது. ஆனால் சில நிறுத்தங்களில் சாய்தளத்தோடு ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். மேடைக்கும் வண்டிக்கும் நடுவே ஓட்டுநர் ஒரு பலகையைப் போட்டார், நான் உள்ளே போய்விட்டேன். இதுவும் பல தலைமுறை பார்த்த வண்டிதான். ஒரு மேடையும் ஒரு பலகையும் போதுமானதாக இருந்தது. கடற்கரை வரை சன்னலோரமாக உட்கார்ந்து போனேன்.

மூன்றாம் நாள்

இன்று போன இடம் 50, யுனைடெட் நேஷன்ஸ் பிளாசா. சிவிக் சென்டர் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய அரசுக் கட்டடம். சுற்றுலாப் பயணிகள் யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1973-ல் அமெரிக்காவில் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதன் 504-வது பிரிவு, அரசுப் பணத்தில் நடக்கும் எந்த இடத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. சட்டம் வந்ததே தவிர, அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் வருஷக்கணக்காக இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5-ம் தேதி, ஏறத்தாழ 150 பேர் இந்தக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள் என எல்லா வகையினரும் இருந்தார்கள். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜூடித் ஹ்யூமன். குழந்தையாக இருந்தபோது போலியோ வந்தவர். தீ விபத்து நேர்ந்தால் இடைஞ்சல் என்று சொல்லி அவரைப் பள்ளியில் சேர்க்க மறுத்திருக்கிறார்கள். பிறகு ஆசிரியர் வேலைக்கான உரிமத்துக்காக 1970-ல் நியூயார்க் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு வாங்கியவர்.

ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அதன் முழு அர்த்தம் தெரியும். மாற்றுக் கத்தீட்டர் இல்லை, உதவியாளர் பலருக்கு இல்லை, படுக்கை இல்லை. தரையில் படுத்தால் புண் வரும் என்று தெரிந்தே படுத்திருக்கிறார்கள். தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் சன்னல் வழியாக வெளியே இருந்தவர்களோடு சைகை மொழியில் பேசித் தகவல் அனுப்பினார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர் தினமும் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் உள்ளே இருந்தவர்களில் ஒருவர். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். ஏப்ரல் 28-ம் தேதி அந்த விதிகளில் கையெழுத்தானது.

இங்கே வந்தபிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. உள்ளே இருந்த அத்தனை பேரையும் மருத்துவர்கள் பார்த்திருந்தால் "உடனே வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த நாட்களைப் பற்றிப் பின்னால் பேசியவர்களில் சிலர், தங்கள் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாட்கள் அவை என்று சொன்னார்கள். நம்மை யாரும் பரிதாபமாகப் பார்க்காத ஒரு கூட்டத்துக்குள் இருப்பதில் அப்படி ஒரு பலம் இருக்கிறது. மறுவாழ்வு மையத்தில் எனக்கும் அது கிடைத்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் வித்தையைப் பயிற்சியாளர் சொல்லித் தந்தார். அதற்கப்புறம் வாழ்க்கை இருக்கிறது என்பதைக் காட்டியது பக்கத்துக் கட்டில் பெண்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தானே சக்கரத்தைத் தள்ளிப் போவாள்.

நான்காம் நாள்

சான் பிரான்சிஸ்கோவையும் பெர்க்லியையும் இணைக்கும் பார்ட் ரயில். 1972-ல் ஓடத் தொடங்கியது. திட்டமிடும்போது லிஃப்ட் கணக்கிலேயே இல்லை. ஹெரால்ட் வில்சன் என்ற சக்கர நாற்காலிக்காரர் விடாமல் பேசிப் பேசி, நிலையங்களில் லிஃப்ட் வைக்கச் செய்தார். ஒருவர் கிளம்பினார் என்பதற்காக இன்று வயதானவர்களும், தள்ளுவண்டிக் குழந்தைகளும், பெட்டி தூக்க முடியாத என் தங்கையும் அதில் போகிறார்கள். கடலுக்கு அடியில் சுமார் 6 கிலோமீட்டர் குழாய் வழியாக ரயில் போகும்போது காது அடைத்தது.

ஆஷ்பி நிலையத்தில் இறங்கினால் எட் ராபர்ட்ஸ் வளாகம். ஊனமுற்றோர் அமைப்புகள் பலவும் ஒரே கூரையின் கீழ் இயங்கும் கட்டடம். 2010-ல் திறந்தார்கள். ரயில் நிலையத்திலிருந்தே நேராக உள்ளே போகலாம். கதவைத் தாண்டியதும் நடுக்கூடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சாய்தளம், சுருள் சுருளாக மேல்மாடிக்கு ஏறுகிறது.

இதை எப்படிச் சொல்வது! வழக்கமாகச் சாய்தளம் எங்கே இருக்கும்? பின்வாசலில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், பூட்டிய கதவுக்கு வெளியே. சாவி வைத்திருப்பவர் அன்று பார்த்து விடுப்பில் இருப்பார். இங்கே கட்டடத்தின் அழகே அந்தச் சாய்தளம்தான். நடக்கிறவர்களும் அதில்தான் ஏறி வருகிறார்கள். நான் கீழிருந்து மேல் வரை நானே தள்ளிக்கொண்டு போனேன். சரிவு இதமாக இருந்ததால் மூச்சு வாங்கவில்லை. மேலே போய்த் திரும்பி, சக்கரத்தின் கைப்பட்டையை லேசாகப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு இறங்கி, மறுபடியும் ஏறினேன். தங்கை படம் எடுத்தாள். "இத்தனை சந்தோஷமா உன்னப் பாத்து எத்தனை நாளாச்சுக்கா" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் நான் யாரிடமும் உதவி கேட்கவில்லை, நன்றி சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மனுஷிக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு!

எட் ராபர்ட்ஸ் யார் என்று நாளை எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள்

இன்று முழுக்கக் கட்டில்.

காலையில் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது இடது உட்காருமெலும்பு இருக்கும் இடத்தில் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது என்று பொருள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். எனக்கு வெளுத்தது. ஆனாலும் அரை மணி நேரத்தில் சிவப்பு போகவில்லை. அதனால் குப்புறப் படுத்துக்கொண்டு, உட்காரவே கூடாது என்று முடிவெடுத்தேன். உணர்வு இல்லாத இடத்தில் வலி எச்சரிக்கை தராது. தோலைப் பார்ப்பதும், 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்து எடையை மாற்றுவதும்தான் நமக்கு எச்சரிக்கை. ஒரு நாளை விட்டுக்கொடுக்காவிட்டால் மாதக்கணக்கில் படுக்க நேரும். தங்கையை மட்டும் ஊர் சுற்ற அனுப்பிவிட்டேன்.

சரி, எட் ராபர்ட்ஸ். 1953-ல், 14 வயதில் போலியோ தாக்கியது. போலியோவுக்கான சால்க் தடுப்பூசி வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கழுத்துக்குக் கீழே இடது கையில் இரண்டு விரல்களும் சில கால்விரல்களும் மட்டும்தான் அசையும். தூங்குவது இரும்பு நுரையீரல் என்ற, உடம்பை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் இயந்திரத்துக்குள். பகலில் காற்றை வாயால் மிடறு மிடறாக விழுங்கி மூச்சுவிடப் பழகினார். பையன் பிழைத்தாலும் காய்கறி மாதிரிதான் கிடப்பான் என்று மருத்துவர் அம்மாவிடம் சொன்னாராம். பின்னாளில் அதை ராபர்ட்ஸ் சிரித்துக்கொண்டே சொல்வார்: காய்தான் என்றால் நான் ஆர்ட்டிசோக்காக இருப்பேன், வெளியே முள், உள்ளே மென்மையான இதயம்.

இந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பலர் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பையன் சாப்பிட மறுத்துச் சாகப் பார்த்திருக்கிறான். எடை பாதிக்கும் கீழே இறங்கியது. கூடவே இருந்த கடைசி நர்ஸும் வேலை முடிந்து கிளம்பிய மறுநாள், வாழலாம் என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதுவரை எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிடுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது. அந்த ஒரு முடிவிலிருந்து அவர் தொடங்கினார்.

படுத்துக்கொண்டே இன்னொன்றும் யோசித்தேன். லாட்டரியில் ஜெயித்தவரும் விபத்தில் முடங்கியவரும் கொஞ்ச நாளில் ஒரே அளவு சந்தோஷத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று மேடைப் பேச்சாளர்கள் ஒரு ஆய்வைச் சொல்வார்கள். 1978-ல் பிரிக்மேன் குழுவினர் செய்த ஆய்வு அது. அதில் இருந்தவர்கள் லாட்டரி வென்ற 22 பேரும், விபத்தில் முடங்கிய 29 பேரும். 5-க்கு லாட்டரிக்காரர்களின் சந்தோஷம் 4.00, சாதாரணமானவர்களுடையது 3.82, விபத்தில் முடங்கியவர்களுடையது 2.96. ஆக, ஒரே அளவு இல்லை. ஆனால் உலகம் நினைப்பதுபோல் பூஜ்ஜியத்திலும் இல்லை; பாதிக்கு மேலேயே இருக்கிறது. அதுவும் அவர்கள் விபத்து நடந்து ஒரு வருஷத்துக்குள் இருந்தவர்கள். 1999-ல் ஆல்பிரெக்ட்டும் டெவ்லீகரும் 153 மாற்றுத்திறனாளிகளிடம் பேசியபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கை நன்றாகவோ மிக நன்றாகவோ இருப்பதாகச் சொன்னார்கள். மீதிப் பேர் அப்படிச் சொல்லவில்லை. வலியும் களைப்பும் அதற்குக் காரணங்களில் சேர்ந்தவை. இந்த இரண்டு பாதியிலும் நான் இருந்திருக்கிறேன். அதனால்தான் புதிதாக விபத்தில் சிக்கியவரிடம் போய் "பாசிட்டிவா இரு" என்று யாரும் சொல்லக் கூடாது என்பேன். வலிக்கு மருந்து கிடைக்கிறதா, தூக்கம் வருகிறதா, வாசலைத் தாண்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தாலே முகம் மாறும்.

சாயங்காலம் சிவப்பு மறைந்துவிட்டது.

ஆறாம் நாள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். பெர்க்லி வளாகம் முழுக்க மேடு. இன்று தங்கைதான் பெரும்பாலும் தள்ளினாள். தோளைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதால் நானும் தயங்காமல் கேட்டேன். தோள்தான் எனக்குக் கால்.

1962-ல் ராபர்ட்ஸ் இங்கே படிக்க வந்தபோது, இதற்கு முன் முடமானவர்களைச் சேர்த்துப் பார்த்தோம், சரிவரவில்லை என்று அதிகாரி ஒருவர் சொன்னாராம். சுமார் 360 கிலோ எடையுள்ள இரும்பு நுரையீரலை விடுதித் தளம் தாங்காது. அதனால் கோவல் என்ற வளாக மருத்துவமனையில் காலியாக இருந்த ஒரு பகுதியில் தங்கினார். மறுவருஷம் ஜான் ஹெஸ்லர் வந்து சேர்ந்தார், அப்புறம் இன்னும் சிலர். உடம்புக்கு முடியாததால் அங்கே இருக்கவில்லை, படிக்க வந்தவர்கள் அவர்கள். ராத்திரி முழுக்கப் பேசி, தங்களுக்கு என்ன தேவை என்று தாங்களே எழுதினார்கள்: உதவியாளர், ஏற்ற வீடு, நடைபாதை ஓரங்களில் சரிவு, உடைந்த சக்கர நாற்காலியை உடனே பழுது பார்க்க ஆள். முதல் நாள் என் முன்சக்கரம் வளைந்தது நினைவிருக்கிறதா? நாற்காலி நின்றால் வகுப்பும் நின்றுவிடும் என்பதால், பழுதுபார்ப்பது அவர்கள் நடத்திய திட்டத்தில் முக்கியமான சேவையாக இருந்தது. அதிலிருந்து 1972-ல் சுயசார்பு வாழ்க்கை மையம் பிறந்தது. வேலை செய்யவே லாயக்கில்லை என்று ராபர்ட்ஸை ஒருகாலத்தில் ஒதுக்கிய மாநில மறுவாழ்வுத் துறைக்கு, 1975-ல் அவரே இயக்குநராக வந்தார்.

கோவல் மருத்துவமனை இப்போது இல்லை. இடித்துவிட்டு, அந்த இடத்தில் வணிகவியல் பள்ளியைக் கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் மாணவர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாணவி பக்கத்தில் வந்து, என்னைப் பார்த்தால் ஊக்கமாக இருக்கிறது என்றாள். எதனால் என்று கேட்டேன். பதில் வரவில்லை அவளுக்கு. உட்காரச் சொல்லி, இந்த இடத்தில் யார் வாழ்ந்தார்கள் என்று கதை சொன்னேன். நிறையக் கேள்வி கேட்டாள். போகும்போது, மேட்டுப் பாதை வேண்டாம் என்று, பின்பக்கம் இருக்கும் லிஃப்ட் வழியைக் கூடவே வந்து காட்டினாள்.

ஏழாம் நாள்

கோல்டன் கேட் பாலம். கிழக்குப் பக்க நடைபாதையில் நாற்காலியோடு போகலாம். காற்று எதிரே வந்து தள்ளியது. முதல் கோபுரம் வரை போய்த் திரும்பினோம். எனக்கு அது போதும். குளிரில், என் கட்டுப்பாட்டில் இல்லாத தசைத்துடிப்பால் கால்கள் தாமாகவே துள்ளின. தொடையில் வார் போட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள்

விமான நிலையம். இன்னும் நேரம் இருக்கிறது. இந்தத் தடவை கைப்பிடி, முன்சக்கரம், குஷன் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் கட்டியாகிவிட்டது. மிச்சமிருக்கும் சட்டத்தில் எங்கே பிடித்துத் தூக்க வேண்டும் என்று படம் வரைந்து ஒட்டியிருக்கிறேன்.

மடியில் இருப்பது ஒரு கடிதம். நான் போக ஆசைப்பட்டு, வாசலோடு திரும்பிய நூலகம் ஒன்றுக்கு. நான்கு படிகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. மொத்த உயரம் 60 செ.மீ. ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்ற சரிவில் 720 செ.மீ. சாய்தளம் வேண்டும். வாசலுக்கு முன்னால் இருப்பதோ 6 மீட்டர்தான். இடமில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஆனால் இரண்டாக மடித்தால் ஒவ்வொரு பக்கமும் 360 செ.மீ., நடுவே திரும்ப 150 செ.மீ. சமதளம், 510 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. வரைபடமும் போட்டுவிட்டேன். முன்வாசலிலேயே வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.

தங்கை வாங்கிப் படித்தாள். "கைப்பிடி ரெண்டு உயரத்துல கேளுக்கா. சின்னப் பிள்ளைங்களும் பிடிச்சுக்கிட்டு ஏறும்ல" என்றாள். நல்ல யோசனை. சேர்த்துவிட்டேன்.